கட்டிலோரம் ஒரு காலித் துப்பாக்கி

நோரீன் ஹோபர்ட்டைக் கொலைகாரி ஆக்கியது மேவிஸ் டன்லப் கொடுத்த வாக்குமூலம். அவளை வெளியே கொண்டுவரக் கிளம்பியிருப்பதும் அதே மேவிஸ்தான்.

"வைக்கோல் போருக்குத் தீ வெச்ச கையோட தண்ணி லாரியும் நீங்களே ஓட்டறீங்க மேடம்" என்றான் ஓடெல்.

வேறொரு நாளாக இருந்தால் மேவிஸ் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

மேவிஸ் ஒரு காலத்தில் ஷெரீஃப் ஆபீசில் போலீஸ் சீருடை போட்டவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். ஓக்லஹோமாவின் பிக்கெட் கவுண்டியில் காணாமல் போவது பெரும்பாலும் மாடும் புருஷனும்தான், இரண்டும் பசித்தால் தானாகவே திரும்பி வந்துவிடும். அந்த வருமானம் போதாமல் சனிக்கிழமைகளில் ஊர்த் துப்பாக்கிக் கடையில் வகுப்பு எடுக்கிறாள். தனியாகத் தூங்குகிறவர்கள் கட்டிலோரம் எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்பது பாடம். ஓடெல் அதே கடைக் கவுன்ட்டரில் வருஷக்கணக்கில் நின்றவன். அவனுடைய வாயால் வியாபாரம் கெடுகிறது என்று முதலாளி துரத்தியபோது மேவிஸ் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டாள். உடம்பு பெரியது, வாய் அதைவிடப் பெரியது.

நடந்தது இதுதான். நோரீனின் கணவன் லைல் லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமை வரவேண்டியவன் போன வெள்ளிக்கிழமை இரவே வந்துவிட்டான். தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தான். படுக்கையறை வாசலில் நோரீன் சுட்ட ஒரே குண்டில் செத்தான். தாழ்வாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் திருடன் என்று நினைத்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. நோரீனும் அப்படிச் சொல்லவில்லை. "நான்தான் லோடு பண்ணினேன், நான்தான் சுட்டேன்" என்று ஷெரீஃபிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

இங்கேதான் மேவிஸின் வாக்குமூலம் வந்து விழுந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நோரீன் வீட்டுக்குப் போய் பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட பை பலகாரம் சாப்பிட்டதாகவும், நோரீன் கேட்டுக்கொண்டதால் கட்டிலோரத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்ததாகவும், தோட்டா அறை காலியாக இருந்ததைக் கண்ணால் கண்டதாகவும் எழுதிக் கொடுத்திருந்தாள். அரசு வக்கீல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அறை காலி. கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாவை அதில் ஏற்றி லோடு பண்ண வேண்டுமென்றால் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். மூட்டுவாதத்தில் வீங்கிய விரல்களோடு நோரீன் அதைச் செய்ய நல்ல நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் விளக்கு வெளிச்சத்தில் கணவன் எதிரில் நின்றிருக்கிறான். ஆக, திட்டமிட்ட கொலை. திங்கட்கிழமை கோர்ட்டில் அந்தக் குற்றச்சாட்டு உறுதியானால் நோரீன் ஜெயிலிலேயே சாக வேண்டியதுதான்.

இது போதாதென்று, அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் மேவிஸ்தான். நீளத் துப்பாக்கியை நோரீனால் தூக்க முடியவில்லை. ரிவால்வரின் விசை அவள் விரலுக்கு மசியவில்லை. கடைசியில் ஒரு சின்ன பிஸ்டல் சரிப்பட்டது. விசை லேசு, மேல்பாகம் மட்டும் முரண்டு பிடித்தது. ஜாடி மூடி திறக்க வைத்திருந்த பச்சை ரப்பர் துண்டால் பிடித்து இழுத்தபோது சில தடவை வந்தது. "அந்தத் தாமதமும் நல்லதுதான் நோரீன். அரைத் தூக்கத்துல கை முந்திக்காது. யாருன்னு பார்க்க நேரம் கிடைக்கும்" என்று மேவிஸ் சொல்ல, வகுப்பே தலையாட்டியது. அந்த வாக்கியம் ஒரு வாரமாக அவள் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது இருவரும் அதே கடையில், அதே ரக பிஸ்டலுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஓடெல் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மேவிஸ் வாங்கினாள், மேல்பாகத்தை இழுத்தாள், உள்ளே பார்த்தாள், விட்டாள், "காலி" என்றாள். கடைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி கை தானாகச் செய்யும்.

நோரீனைப் போல விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு, ரப்பர் இல்லாமல் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மறுபடி முயன்றாள். நகம்தான் மடங்கியது.

"ரப்பர் இருந்திருக்கும் மேடம்" என்றான் ஓடெல். ஷெரீஃப் ஆபீஸ் எடுத்த படங்களைக் கவுன்ட்டரில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரே படத்தை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல என்ன கண்டுபிடிச்சே?"

"வெள்ளரி ஊறுகாய். காலையில சாப்பிடாம வந்துட்டேன்."

திட்டுவதற்காகப் படத்தைப் பிடுங்கியவள் அப்படியே நின்றாள். நோரீனின் சமையலறை. மேசைமேல் பாதி திறந்த ஊறுகாய் ஜாடி, அதன் மூடிமேல் பச்சை ரப்பர் துண்டு.

வீட்டில் இருந்தது அந்த ஒரு துண்டுதான். லைல் ஊரில் இல்லாத நாட்களில் படுக்கப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போவேன் என்று நோரீன் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். அன்றைக்கு மறந்திருக்கிறாள். ரப்பர் சமையலறையில், துப்பாக்கி படுக்கையறையில். வெறுங்கையால் அவள் இழுத்திருக்கவே முடியாது. லோடு பண்ணியது நான்தான் என்று அவள் சொன்னது பொய்.

"ஊறுகாய்க்கு ஒரு சலாம் போடுங்க மேடம்" என்றான் ஓடெல். "அப்போ வேற யாரோ லோடு பண்ணி வெச்சிருக்காங்க. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவுல."

அந்த நாட்களில் வீட்டுக்குள் போனது ஒரே ஆள்தான் என்று விசாரித்ததில் தெரிந்தது. லைலின் அண்ணன் வெண்டல், வியாழக்கிழமை வெந்நீர்ப் பாய்லரைச் சரிபார்க்க வந்திருக்கிறார். தோட்டா ஏற்றாத துப்பாக்கி கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும் என்று காபிக் கடையில் உட்கார்ந்து ஊருக்கே உபதேசம் செய்கிறவர். தம்பியைப் புதைத்த அன்று, சர்ச் சாப்பாட்டு மேசையிலேயே நோரீனைக் கொலைகாரி என்று உரக்கச் சொன்னவரும் அவரேதான்.

தம்பி மனைவிக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து இழுத்து வைத்துவிட்டுப் போயிருப்பார், அதை வெளியே சொல்லாமல் இப்போது கத்துகிறார். மேவிஸுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. பழியை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்ததில் உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கப்பட்டாள்.

பிஸ்டலையும் தோட்டாப் பெட்டியான அதன் மேகசினையும் கடைக்காரரிடம் இரவல் வாங்கினாள். மேகசினில் பயிற்சிக்கான சிவப்பு பிளாஸ்டிக் தோட்டாக்களை நிரப்பிக் கைப்பிடிக்குள் செருகினாள். காலித் துப்பாக்கியைக் கண்டால் பொறுக்காத கை என்றால் வெண்டலின் கை அதை லோடு பண்ணாமல் விடாது.

"எலிக்கு வடை வெக்கிறோம்" என்றான் ஓடெல். "எலி உங்களைவிட ஒரு அடி உயரம், ஞாபகம் வெச்சுக்கோங்க."

வெண்டல் பட்டறையில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றார். வந்தவர்களைப் பார்த்து முகம் சுளித்தார், ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஐஸ் போட்ட டீ கொடுக்காமல் இருக்க அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. மூன்று பேரும் பட்டறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நோரீனைக் காப்பாற்ற வந்திருந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார் அவர். மேவிஸ் பதில் சொல்லாமல் பிஸ்டலை நீட்டினாள். "லைல் வீட்டுல இருந்த அதே ரகம். உன் கட்டிலுக்குப் பக்கத்துல வெப்பியா, சொல்லு."

வெண்டல் வாங்கினார். முதலில் மேகசினை உருவி மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகே மேல்பாகத்தை இழுத்து உள்ளே பார்த்தார், சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். மேகசினில் சிவப்பு பிளாஸ்டிக் தெரிந்ததும் அவர் முகமும் சிவந்தது.

"பொம்மைத் தோட்டாவா? என்னைப் பொறி வெச்சுப் பிடிக்க வந்தியா மேவிஸ்?"

மறைப்பதில் அர்த்தமில்லை என்று மேவிஸ் விஷயத்தைச் சொன்னாள். வெண்டல் கத்துவார் என்று எதிர்பார்த்தாள், அவர் கத்தவில்லை. தோட்டா ஏற்றி வை என்று தம்பியிடம் தான் சொன்னது வாஸ்தவம்தான் என்றார். என் வீடு, என் இஷ்டம் என்று லைல் சொல்லிவிட்டானாம். அதற்குப் பிறகு அவன் வீட்டுத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லையாம், பாய்லர் பக்கம்தான் வேலையாம். சொல்லிக்கொண்டே மேகசினைத் திரும்பச் செருகி, பிஸ்டலை மேவிஸின் கையில் கொடுத்தார்.

மேவிஸுக்கு உள்ளே காற்று இறங்கிப் போயிற்று. அந்த ஆள் பொய் சொல்லவில்லை.

"அப்போ வியாழக்கிழமை நீ படுக்கையறைப் பக்கமே போகலையா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பிஸ்டலின் மேல்பாகத்தை இழுத்தாள், பார்த்தாள், விட்டாள். "காலி" என்று மேசைமேல் வைத்தாள்.

வெண்டல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன பண்ணினே மேவிஸ்?"

"பார்த்தேன். காலியான்னு."

"மறுபடி சொல்லு. என்ன பண்ணினே?"

அவரே பிஸ்டலை எடுத்தார். மேகசினை உருவினார், மேல்பாகத்தை இழுத்தார். உள்ளிருந்து ஒரு சிவப்புத் தோட்டா துள்ளி விழுந்து, மேசையில் உருண்டு, டீ கிளாஸில் இடித்து நின்றது.

மேவிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைப் பெட்டியில் இருக்கும் துப்பாக்கிகளில் மேகசின் இருக்காது. எத்தனை முறை இழுத்து விட்டாலும் காலி காலிதான். கட்டிலோரத் துப்பாக்கியில் மேகசின் நிரம்பி இருக்கும். இழுக்கும்போது அறை காலி, அந்தக் கணத்தில் கண் பார்ப்பது உண்மை. விட்டதும் முன்னே போகிற மேல்பாகம் மேலே இருக்கிற தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் வைத்துவிடும். முதலில் மேகசினை எடு என்பதுதான் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். கரும்பலகையில் எழுதிக்கூடப் போடுவாள். அவளுடைய கை அந்த வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை.

"செவ்வாய்க்கிழமை..." என்று ஆரம்பித்தார் வெண்டல்.

"ஆமா" என்றாள் மேவிஸ். "பை சாப்பிட்டுக்கிட்டே."

அதே கடையில் அதே பழக்கத்தோடு நின்ற ஓடெல், எத்தனை வீடுகளில் எத்தனை பேர் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துக் காலி என்று திருப்பிக் கொடுத்தோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டல் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். இத்தனை நாளும் நோரீன்மேல் வைத்திருந்த வெறுப்பை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. போய்விடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வண்டியில் ஏறியதும் ஓடெல் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். இது தெரிந்தது மூன்று பேருக்குத்தான், வெண்டலுக்கு நோரீன் உள்ளே இருப்பதுதான் பிடிக்கும், அவராக வாய் திறக்க மாட்டார் என்று மெதுவாகச் சொன்னான். மேவிஸ் சொன்னால் துப்பறியும் லைசென்ஸ் போகும், அவள்மேலும் வழக்கு வரலாம் என்றான். இந்த ஒரு தடவை அவன் விளையாட்டாகப் பேசவில்லை. மேவிஸுக்கு ஆசை வராமல் இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தாள். பிறகு ஜெயிலுக்கு ஓட்டச் சொன்னாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோரீன் ஆரஞ்சுச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். வீங்கிய விரல்களால் டெலிபோனைப் பிடிக்க முடியாமல் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மேவிஸ் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள்.

"தெரியும்" என்றாள் நோரீன்.

"தெரியுமா?"

"நீ இழுத்துப் பார்த்தே. அதுக்கப்புறம் வேற யாரும் தொடல. இங்க யோசிக்கத்தானே நேரம் இருக்கு."

"அப்புறம் ஏன் நீ லோடு பண்ணினதா சொன்னே?"

நோரீன் பேச ஆரம்பித்தபோது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"லைலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, திருடன் மாதிரி வந்து மெரட்டுவான். அன்னிக்குத் தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். கையில ஒரு வாழைப்பழம். அதை என் பக்கம் நீட்டி, கிழவி, வீட்டுல சுட்டு வெச்சிருக்கிற பீக்கன் பை எல்லாத்தையும் எடுத்து வெளிய வைன்னான். நான் டிராயரைத் திறந்து துப்பாக்கிய எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். அவன் கையைத் தூக்கினான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். டிக்குன்னு ஒரு சத்தம் வரும்னு நெனச்சு அழுத்தினேன். நீ காலின்னு சொல்லியிருந்தியே மேவிஸ்."

அதில் குற்றம் சாட்டும் தொனி துளிக்கூட இல்லை. மேவிஸுக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு அடி அடித்திருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நோரீன் கெஞ்சினாள். விளையாட்டில் புருஷனைக் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் நடமாடுவதைவிட, வேண்டுமென்றே கொன்றேன் என்று உள்ளே இருப்பது தனக்குச் சுலபம் என்றாள். இந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் திருடன் போலீஸ் ஆடினார்கள் என்றால் எவன் நம்புவான் என்றும் கேட்டாள். போனவன் போய்விட்டான், உன் பேரும் கெட வேண்டாம் என்றாள். மேவிஸ் கண்ணாடியில் கையை வைத்தாள், மன்னிப்புக் கேட்க வாய் வராமல் எழுந்து வந்தாள்.

ஷெரீஃப் டாசன் ஒரு காலத்தில் மேவிஸிடம் வேலை பழகியவர். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். இரவல் பிஸ்டலில் அவள் இழுத்துக் காட்டியதையும், சிவப்புத் தோட்டா விழுந்ததையும் பார்த்தார். துப்பாக்கி எப்படி லோடு ஆனது என்பது புரிகிறது என்றார். ஆனால் மீதிக் கதையை அரசு வக்கீல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். லைலின் பக்கத்தில் வாழைப்பழம் கிடந்தது உண்மைதான், உரிக்காத பழம். லாரி ஓட்டுகிறவன் வழியில் தின்ன வாங்கியிருப்பான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"துப்பாக்கி லோடு ஆகியிருந்தது தெரிஞ்சேதான் நோரீன் சுட்டாங்கன்னு வக்கீல் சொன்னா என்ன பண்ணுவீங்க? அவங்க ரெண்டு பேரும் விளையாடிக்கிட்டிருந்தாங்கன்னு சொல்ல யாரு இருக்கா?"

தன் தலையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தும் நோரீனை வெளியே எடுக்கப் போதவில்லை என்பது அப்போதுதான் மேவிஸுக்கு உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஓடெல், "மேடம்" என்றான்.

கதவைத் திறந்துகொண்டு வெண்டல் உள்ளே வந்தார். பட்டறைக் கிரீஸ் அப்படியே கையில் இருந்தது. மேவிஸ் ஒரு வார்த்தையைக்கூட முழுங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா என்று பார்க்க வந்தேன் என்றார் ஷெரீஃபிடம். சொல்லிவிட்டார், வாழைப்பழம் வரைக்கும் சொல்லிவிட்டார் என்றார் ஷெரீஃப்.

"என்ன வாழைப்பழம்?"

ஷெரீஃப் நோரீன் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். கேட்கக் கேட்க வெண்டலின் முகம் கலைந்தது. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்க அம்மா இருந்த காலத்துல மரக்கரண்டிய நீட்டிக்கிட்டு வருவான். என் கல்யாணத்தன்னிக்குச் சோளக்கதிரோட வந்து பாதிரியாரையே கையத் தூக்க வெச்சான். எங்க அம்மா சாகக் கிடந்தப்பகூட ஆஸ்பத்திரிக் கதவுல அப்படித்தான் நின்னான், அதுக்கு அம்மா சிரிச்சா. அவன் ஒரு வீட்டுக்குள்ளயும் ஒழுங்கா நுழைஞ்சதில்ல ஷெரீஃப். எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

ஷெரீஃப் பேனாவை எடுத்தார். இனிக் கொலைக் குற்றம் நிற்காது, கவனக்குறைவு என்று ஏதாவது நிற்கலாம், அது நோரீன்மேல் மட்டும் இருக்காது என்று மேவிஸைப் பார்த்துச் சொன்னார். மேவிஸ் தலையாட்டினாள்.

வெண்டல் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன்னை மன்னிக்கிறதுக்கு எனக்கு வருமான்னு தெரியல மேவிஸ். அதைக் கேட்டுக்கிட்டு நீ வராதே" என்றார். பிறகு ஷெரீஃபிடம், "நோரீனை எப்ப விடுவீங்க? அவளால சட்டை பட்டன்கூடப் போட முடியாது, லைல்தான் போட்டுவிடுவான். என் பொண்டாட்டிய வரச் சொல்றேன்" என்றார்.